இராஜாபாய் கோபுரம் தந்த கொடையாளர் பிரேம்சந்த் ராய்சந்த்

ஈகை கையின் செயலாகத் தோன்றினாலும் அது உள்ளத்தில் எடுக்கப்படும் ஒரு முடிவாகும். ஒருவர் தாம் ஈட்டிய பொருளைத் தம் மக்களுக்குச் சேர்த்து வைப்பது இயல்பு. உற்றார்க்கும் அண்டை அயலார்க்கும் உதவுவதும் நாம் நாளும் காண்பதே. ஆனால், முகமறியாத மாணவர்கள் பயன்பெறும்படி ஒரு கல்வி நிறுவனத்திற்கோ, இனி வரப்போகும் தலைமுறைக்காக ஒரு நூலகத்திற்கோ தம் பொருளை ஒருவர் ஏன் கொடுக்கிறார்? எது அவரைக் கொடுக்கத் தூண்டுகிறது? தாய் தந்தையர் வளர்த்த முறையா, பிறர் கொடுப்பதைக் கண்ட எழுச்சியா, கேட்டவர் மீதுள்ள மதிப்பா, பெயர் நிலைக்க வேண்டும் என்னும் ஆசையா? அறக்கட்டளைகளை நடத்துவோரும் அவற்றிற்குப் பொருள் தருவோரும் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாக்கள் இவை. இவற்றிற்கு விடை தேட, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாயில் வாழ்ந்த சமணப் பெருவணிகர் பிரேம்சந்த் ராய்சந்த் அவர்களின் வாழ்க்கை பெரிதும் துணைசெய்யும். அவர் பெருஞ்செல்வர், பெருங்கொடையாளர், பெருவீழ்ச்சியும் கண்டவர். இம்மூன்றும் ஒரே வாழ்க்கையில் அமைந்தமையால் அவ்வாழ்க்கை நமக்குப் பாடமாகிறது.

சூரத்திலிருந்து பம்பாய்க்கு

பிரேம்சந்த் 1831-ஆம் ஆண்டு குஜராத்தின் சூரத் நகரில் ஒரு சமண வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ராய்சந்த் தீப்சந்த், தாயார் இராஜாபாய். முகலாயர் காலத்தில் மேற்குக் கடற்கரையின் தலைசிறந்த துறைமுகமாக விளங்கிய சூரத், அவர் பிறந்த காலத்தில் தன் பழைய பெருமையை இழந்து நின்றது. கப்பல்களும் வணிகமும் பம்பாய்க்குச் சென்றுவிட்டன; அவற்றைப் பின்பற்றிச் சூரத்து வணிகக் குடும்பங்களும் சென்றன. ராய்சந்தும் தம் குடும்பத்தோடு பம்பாயை அடைந்தார். பெரிய செல்வம் எதனையும் அவர் உடன் கொண்டு செல்லவில்லை.

சிறுவனான பிரேம்சந்துக்குத் தந்தையார் ஆங்கிலக் கல்வி கற்பித்தார். அக்காலத்து வணிகக் குடும்பங்களில் கணக்கும் தாய்மொழி எழுத்தும் கற்றவுடன் பிள்ளையைக் கடையில் அமர்த்துவதே வழக்கம். அவ்வழக்கத்தை மீறிய தந்தையின் முடிவு மகனின் வாழ்வையே மாற்றியது. பம்பாய்ப் பங்குத் தரகர்களுள் ஆங்கிலம் பேசவும் படிக்கவும் எழுதவும் அறிந்த முதல் இந்தியர் அவரே என்பர். ஐரோப்பிய வணிக நிறுவனங்களோடும் வங்கி அலுவலர்களோடும் இடையாள் இன்றி நேரே பேசும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது. தரகர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து தொழில் பழகியவர், சில ஆண்டுகளிலேயே தனித்து நின்று தொழில் நடத்தும் நிலைக்கு உயர்ந்தார். அவருடைய நினைவாற்றல் வியக்கத்தக்கது என்றும், வாங்கல் விற்றல் கணக்குகளைத் தாளின் துணையின்றி மனத்திலேயே வைத்திருப்பார் என்றும் கூறுவர்.

தாம் உயர்ந்ததற்குக் கல்வியே ஏணியாக இருந்தது என்பதை அவர் மறக்கவில்லை என்பதற்கு அவருடைய பிற்காலக் கொடைகளே சான்று. அவருடைய கொடையில் பெரும்பகுதி கல்விக்கே சென்றது. ஒருவர் எத்துறைக்குக் கொடுக்கிறார் என்பதை அவருடைய இளமைக்காலம் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. பசியறிந்தவர் அன்னசாலை அமைக்கிறார். நோயால் உறவினரை இழந்தவர் மருத்துவமனைக்குத் தருகிறார். கல்வியால் உயர்ந்தவர் கல்விக்குத் தருகிறார். கொடையின் வேர் கொடுப்பவரின் பட்டறிவில் இருக்கிறது.

பருத்தியும் போரும்

1861-ஆம் ஆண்டு அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அதுவரை இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு வேண்டிய பருத்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்தே சென்றது. வடமாநிலத்தார் தென்பகுதித் துறைமுகங்களைக் கடற்படையால் அடைத்தனர்; பருத்தி செல்லும் வழி அடைபட்டது. ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. குஜராத்திலும் தக்காணத்திலும் விளைந்த பருத்தி பம்பாய்த் துறைமுகம் வழியே பொன்னாக மாறியது. லிவர்பூல் சந்தையின் விலைச்செய்தியை எவர் முதலில் அறிகிறாரோ அவருக்கே ஊதியம் என்னும் நிலை உண்டாயிற்று. கப்பல் கரையை அடையுமுன்பே தம் ஆள்களைப் படகில் அனுப்பி அச்செய்தியைப் பெற்றுவரும் ஏற்பாட்டைப் பிரேம்சந்த் செய்திருந்தார் என்று கூறுவர்.

மிகுந்த செல்வம் சேர்ந்த இடத்தில் அதனை மேலும் பெருக்கும் ஆசையும் சேர்ந்தது. பம்பாயில் புதிய வங்கிகளும் நிதி நிறுவனங்களும் காளான்கள்போல் முளைத்தன. கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் பெரியது பேக் பே நிலமீட்பு நிறுவனம். 5,000 ரூபாய் செலுத்திய அதன் பங்கு 50,000 ரூபாய் வரை ஏறியது. வணிகர் மட்டுமன்றி, எழுத்தரும் அலுவலரும் வேலைக்காரரும்கூடப் பங்கு வாங்க ஓடினர். இவ்வாரவாரத்தின் நடுவில் நின்றவர் பிரேம்சந்த். அவர் ஒரு துண்டுச்சீட்டில் கையெழுத்திட்டால் அதுவே பணம் என்று மக்கள் நம்பினர். பருத்தி மன்னர் என்னும் பெயர் அவருக்கு வழங்கியது. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்றுதான்.

கொடையும் அதன் காரணங்களும்

பம்பாய்ப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. ஆனால், அதற்கெனச் சொந்தக் கட்டடம் இல்லை, நூலகமும் இல்லை. 1864-ஆம் ஆண்டு பிரேம்சந்த் அரசின் வழியாக அப்பல்கலைக்கழகத்திற்கு 2 இலட்சம் ரூபாய் அளிக்க முன்வந்தார். நகரத்திற்கு ஓர் அணியாகவும், முன்னோர் எழுதியவற்றையும் இனி எழுதப்படுவனவற்றையும் சேர்த்துக் காக்கும் கருவூலமாகவும் ஒரு நூலகம் அமைய வேண்டும் என்பது அவர் விருப்பம். அதே ஆண்டில் மேலும் 2 இலட்சம் ரூபாய் அளித்து, பெரிய கடிகாரமும் மணிகளும் கொண்ட கோபுரம் ஒன்றை எழுப்பி, அதற்குத் தம் தாயார் இராஜாபாயின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பொற்கொல்லரும் தச்சரும் திங்களுக்குச் சில பத்து ரூபாய்களில் குடும்பம் நடத்திய அக்காலத்தில் 4 இலட்சம் என்பது எத்துணைப் பெருந்தொகை என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இம்முடிவுக்கு அவரை இட்டுச் சென்றது ஒரே காரணம் என்று கூற இயலாது. பல இழைகள் சேர்ந்தே கயிறு ஆகிறது.

முதல் இழை, பிறந்த மரபு. அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களைச் சமணர் இல்லங்களில் குழந்தைகளும் அறிவர். சாத்திரதானம் என்பது நூல்களை எழுதுவித்து, கற்பார்க்கும் துறவோர்க்கும் அளிப்பதாகும். தமிழகத்தில் நம் முன்னோர் ஏடு பெயர்த்தெழுதச் செய்து ஜினாலயங்களிலும் இல்லங்களிலும் காத்ததும், குஜராத்தில் ஞானபண்டாரங்கள் எனப்படும் ஏட்டுச் சாலைகள் பல நூற்றாண்டுகளாகப் பேணப்பட்டதும் இத்தானத்தின் விளைவே. அம்மரபில் வளர்ந்த ஒருவர் பெருஞ்செல்வம் கைவந்தபோது நூலகத்தை நினைத்தது வியப்பன்று. பழைய தானமே புதிய காலத்துக்கேற்ற வடிவம் கொண்டது. சமயத்துறை அறங்களுக்கும் வழிநடைச் சத்திரங்களுக்கும் அவர் தந்தவை பல. எனினும், எல்லாச் சமயத்தாரும் பயிலும் பல்கலைக்கழகத்தை நோக்கி அவர் கை நீண்டதற்கும் அம்மரபே அடியாயிற்று.

இரண்டாம் இழை, தாயார் மீதிருந்த பற்று. இராஜாபாய் அம்மையார் பார்வை இழந்தவர் என்றும், பொழுது சாய்ந்தபின் உண்ணாத நோன்பை வழுவாமல் காத்தவர் என்றும், பிறர் துணையின்றி நேரமறிந்து மாலை உணவை முடித்துக்கொள்ள மணியோசை உதவும் என்றே மகன் அக்கோபுரத்தை எழுப்பினார் என்றும் பம்பாயில் வழிவழியாக ஒரு செய்தி வழங்குகிறது. இரவு உண்ணாமை நம் இல்லங்களிலும் கடைப்பிடிக்கப்படும் ஒழுக்கமாதலின், இச்செய்தி நம் நெஞ்சைத் தொடுகிறது. இது செவிவழிச் செய்தியே. ஆயினும், அவர் தம் பெயரை வைக்காமல் தாயின் பெயரை வைக்கும்படி கேட்டது வரலாற்றுச் செய்தி. சூரத்துப் பெண்கள் பள்ளியும் பரூச் நகர நூலகமும் தந்தையார் ராய்சந்த் தீப்சந்தின் பெயரைத் தாங்கியுள்ளன. பெற்றோர்க்குச் செலுத்தும் நன்றி பொது அறமாக மாறும் வழி இது. இன்றும் அறக்கட்டளைகளுக்கு வரும் கொடைகளுள் பல, மறைந்த தாய் தந்தையரின் நினைவாக வருவனவே என்பதை நாம் அறிவோம்.

மூன்றாம் இழை, அண்டை அயலார் காட்டிய முன்மாதிரி. பார்சி வணிகர் ஜம்சேட்ஜி ஜீஜீபாயின் பொருளுதவியால் 1845-ஆம் ஆண்டு பெரிய மருத்துவமனை ஒன்று பம்பாயில் திறக்கப்பட்டது. பாக்தாதிலிருந்து வந்து குடியேறிய யூத வணிகர் டேவிட் சாசூன் பல பொது அறங்களைச் செய்தார். காவஸ்ஜி ஜெஹாங்கீர் ரெடிமணி என்னும் பார்சிப் பெருமகனார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மண்டபத்திற்கு 1 இலட்சம் ரூபாய் தந்தார். ஒருவர் கொடுத்தார் என்னும் செய்தி அடுத்தவரைக் கொடுக்கத் தூண்டுகிறது. இதனைப் போட்டி என்று சிலர் குறைகூறலாம். ஆனால், பிறர் செய்யும் தீமையைப் பார்த்துத் தாமும் செய்வோர் உள்ள உலகில், பிறர் செய்யும் நன்மையைப் பார்த்துத் தாமும் செய்வது பாராட்டத்தக்கதே.

நான்காம் இழை, கேட்பவரின் தகுதி. அப்போது பம்பாய் ஆளுநராக இருந்த சர் பார்ட்டில் பிரேர், பழைய கோட்டைச் சுவர்களை இடித்து நகரை விரிவாக்கிப் பொதுக்கட்டடங்களை எழுப்பும் திட்டத்தில் முனைந்திருந்தார். பல்கலைக்கழகத்தின் வேந்தரும் அவரே. தேவை இன்னது, இடம் இன்னது, பொறுப்பேற்போர் இன்னார் என்பது தெளிவாக இருந்தது. தம் பணம் சொன்ன பணிக்கே செலவாகும் என்னும் நம்பிக்கை கொடுப்பவருக்கு ஏற்பட இடமிருந்தது. எத்துணை இரக்கமுள்ளவரும் நம்பிக்கையில்லாத இடத்தில் கொடுக்கத் தயங்குவர். கேட்பவர் எவர் என்பதும், கணக்கு எவ்வாறு காட்டப்படும் என்பதும் கொடையை முடிவு செய்வதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

ஐந்தாம் இழை, புகழ். பெருங்கொடையில் புகழ் விருப்பம் சிறிதும் இல்லை என்று எவரைப் பற்றியும் உறுதி கூற இயலாது. ஒரு நகரத்தின் எப்பகுதியிலிருந்தும் காணத்தக்க கோபுரத்தைக் கேட்டவரிடம் அவ்விருப்பம் இருந்திருக்கலாம். கைம்மாறு கருதாத தானமே தலையாயது என்பது நம் கொள்கை. ஆயினும், மனித உள்ளம் கலப்பில்லாத ஒரே எண்ணத்தால் இயங்குவதன்று. பெயரை விரும்பிக் கொடுத்தவரின் பொருளால் கட்டப்பட்ட நூலகத்திலும் மாணவர் பயில்கின்றனர். குறையுள்ள நோக்கத்தோடு செய்த நன்மையும் நன்மையே; அந்நோக்கம் தூய்மையடைய வேண்டியது கொடுப்பவரின் ஆன்மா பற்றிய செய்தி.

கல்கத்தாவுக்குச் சென்ற பொருள்

தம் ஊர், தம் மொழி, தம் இனம் என்னும் எல்லைகளைக் கடந்து கொடுப்பது அரிது. பிரேம்சந்த் அதனையும் செய்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு அவர் அளித்த 2 இலட்சம் ரூபாய் 1866-ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தின் நிதியாயிற்று. அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்னும் முடிவை அவர் பல்கலைக்கழகத்தாரிடமே விட்டுவிட்டார். அவர்கள் முதலைத் தொடாமல் அதன் வருவாயிலிருந்து சிறந்த மாணவர்க்கு உதவித்தொகை வழங்கும் ஏற்பாட்டைச் செய்தனர். பிரேம்சந்த் ராய்சந்த் ஆய்வு உதவித்தொகை எனப்படும் அதனைப் பெறுவது வங்காளத்துக் கல்வியுலகில் மிக உயர்ந்த பெருமையாகக் கருதப்பட்டது. பின்னாளில் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகிப் புகழ்பெற்ற ஆசுதோஷ் முகர்ஜி, வரலாற்றறிஞர்கள் ஜதுநாத் சர்க்கார், ரமேஷ் சந்திர மஜும்தார், மொழியறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜி, இயற்பியல் அறிஞர் மேகநாத் சாகா ஆகியோர் அதனைப் பெற்றவர்கள். சாகா ஒரு சிற்றூர்க் கடைக்காரரின் மகன். எளிய குடும்பத்தில் பிறந்தவர். அவர் பிறந்த 1893-ஆம் ஆண்டிற்குப் பல்லாண்டு முன்னரே பம்பாயில் ஒரு குஜராத்தி வணிகர் தந்த பொருள் அவருடைய ஆய்வுக்குத் துணைநின்றது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அன்னதானத்தில் உண்டவரின் முகமலர்ச்சியைக் காணலாம். கல்விக்குத் தருவோர் விளைவைக் காணாமலே தர வேண்டியிருக்கிறது.

சரிவு

1865-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெரும்படைகள் சரணடையத் தொடங்கின. அமெரிக்கப் பருத்தி மீண்டும் சந்தைக்கு வரப்போகிறது என்னும் செய்தி பம்பாயை எட்டியதும் பருத்தி விலை வீழ்ந்தது. பின்னொரு நாளில் பணம் தருவதாகக் கூறி முன்கூட்டியே செய்துகொண்ட பங்கு ஒப்பந்தங்கள் பல 1865 ஜூலை 1-ஆம் நாளில் முடிக்கப்பட வேண்டியவை. அந்நாள் வந்தபோது வாங்குவதாகச் சொன்னவரிடம் பணமில்லை, விற்றவருக்கும் வரவில்லை. பம்பாய் வங்கியின் பங்கு 2,850 ரூபாயிலிருந்து 87 ரூபாய்க்கு வீழ்ந்தது. 1865, 1866 ஆகிய ஆண்டுகளில் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. கையிலிருந்த சிறு சேமிப்பையும் பங்கில் இட்ட குடும்பங்கள் தெருவில் நின்றன. பிரேம்சந்தும் தம் சொத்துகளைக் கடன் கொடுத்தோருக்காக ஒப்படைக்க நேர்ந்தது.

பம்பாய் வங்கியின் அழிவைப் பற்றி ஆராய 1868-ஆம் ஆண்டு ஒரு விசாரணைக் குழு அமைந்தது. தக்க ஈடின்றித் தனியாள் பொறுப்பிலேயே பெருந்தொகைகள் கடனாக வழங்கப்பட்டதையும், வங்கி அலுவலரிடம் பிரேம்சந்துக்கு இருந்த அளவுகடந்த செல்வாக்கையும் அவ்விசாரணை வெளிப்படுத்தியது. இதனை மறைத்து அவரைப் போற்றுவது முறையன்று. மிகுபொருள் விரும்பாமை இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று. தம் உடைமைக்குத் தாமே ஓர் எல்லை வகுத்துக்கொள்ளுதல் அதன் பொருள். அவ்வெல்லையைப் பம்பாய் நகரமே மறந்திருந்த காலத்தில் அவரும் மறந்தார். அதன் துன்பம் அவரை மட்டும் தாக்கவில்லை. அவரை நம்பியவர்களையும் தாக்கியது.

இங்கே ஒரு கடினமான வினா எழுகிறது. அத்தகைய செல்வத்திலிருந்து வந்த கொடையை அறம் எனக் கொள்ளலாமா? கொடுத்ததனால் ஈட்டிய முறையின் குற்றம் நீங்கிவிடும் என்று கூறுதல் தவறு. தானம் என்பது வினையைக் கழுவும் விலைப்பொருள் அன்று. அவ்வாறே, ஈட்டிய முறையில் குறை கண்டதனால் கொடையே இல்லை என்று கூறுதலும் தவறு. இரண்டையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பதே நடுவுநிலை. ஒருவரிடம் இரண்டும் இருந்தன என்பதே உண்மை. அறநெறியில் ஈட்டி, அளவறிந்து வைத்து, உரிய காலத்தில் கொடுப்பதே முழுமையான ஈகை. பிரேம்சந்த் அம்மூன்றனுள் மூன்றாவதைச் சிறப்பாகச் செய்தார், முதலிரண்டில் வழுவினார்.

நிலைத்தவை

பம்பாய்க்குத் தந்த 4 இலட்சம் ரூபாய் சரிவுக்கு முன் தரப்பட்டது. அவர் இன்னும் ஓராண்டு கழித்துத் தரலாம் என்று எண்ணியிருந்தால் அக்கொடையே நிகழ்ந்திராது. பங்குகள் மேலும் ஏறட்டும், இன்னும் பெரிதாகச் செய்யலாம் என்று 1864-இல் எவரும் எளிதாக எண்ணியிருப்பர். அவர் அவ்வாறு ஒத்திவைக்கவில்லை.

கட்டடக்கலைஞர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இங்கிலாந்திலிருந்தே வரைந்தனுப்பிய திட்டப்படி 1869 மார்ச் 1-ஆம் நாள் கோபுரத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1878 நவம்பரில் பணி நிறைவுற்றது. செலவு ஏறத்தாழ ஐந்தரை இலட்சம் ரூபாய். 280 அடி உயர்ந்து நின்ற அக்கோபுரம் அந்நாளில் பம்பாய் நகரின் மிக உயர்ந்த கட்டடமாக விளங்கியது. மேற்கிந்தியாவின் பல்வேறு குலத்து மக்களின் உருவங்கள் அதன் மேற்பகுதியில் செதுக்கப்பட்டுள்ளன. கீழே நூலகம், மேலே கடிகாரமும் மணிகளும். அக்கோபுரம் எழுந்த ஆண்டுகளில் அதற்குப் பொருள் தந்தவர் தம் பெருஞ்செல்வத்தை இழந்துவிட்டவர். அவர் வைத்துக்கொண்ட பங்குகள் வெறுந்தாள் ஆயின. கொடுத்தது மட்டும் கல்லாகி நின்றது.

பிரேம்சந்த் மனமுடைந்து ஒதுங்கிவிடவில்லை. கடன் கொடுத்தோரோடு கணக்குத் தீர்த்துக்கொண்டு மீண்டும் தரகுத் தொழிலில் இறங்கினார். சிறுகச் சிறுக மதிப்பை மீட்டார். ஆலமர நிழலில் கூடி வணிகம் செய்துவந்த பம்பாய்த் தரகர்கள் 1875-ஆம் ஆண்டு ஒரு சங்கமாக இணைந்தனர். ஒரு ரூபாய் நுழைவுக் கட்டணத்தோடு 318 பேர் அதில் சேர்ந்தனர். இன்றைய மும்பைப் பங்குச் சந்தையின் தொடக்கம் அதுவே. அதனை நிறுவியோருள் ஒருவராகப் பிரேம்சந்த் எண்ணப்படுகிறார். முன்பிருந்த செல்வம் திரும்பவில்லை; எனினும் கொடுக்கும் பழக்கம் நிற்கவில்லை. அகமதாபாத் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. 1906-ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவருடைய உதவித்தொகையைப் பெற்றிருந்த ஆசுதோஷ் முகர்ஜி கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகப் பொறுப்பேற்றதும் அதே ஆண்டில்தான்.

2018-ஆம் ஆண்டு, மும்பையின் விக்டோரியக் காலத்துக் கட்டடத் தொகுதியை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, பல்கலைக்கழக நூலகமும் இராஜாபாய் கோபுரமும் அத்தொகுதியில் அடங்கின. பருத்தி மன்னர் என்னும் பட்டத்தை இன்று நினைப்பார் சிலரே. இராஜாபாய் என்னும் தாயின் பெயரை மும்பையில் அறியாதார் இலர்.

நாம் கொள்ள வேண்டியது

இம்மலரைக் கையில் கொண்டுள்ள குடும்பங்கள் பலவற்றில் ஈகை வழிவழி வந்த பழக்கம். ஊர் ஜினாலயத் திருப்பணி என்றால் வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகளும் மறவாமல் பங்களிக்கின்றனர். அவ்வுணர்வு வாழ்க. அதனோடு, கல்விக்கும் மருத்துவத்திற்கும் ஏட்டுச்சுவடிகளைக் காப்பதற்கும் தருவதும் நால்வகைத் தானங்களுள் அடங்குவதே என்பதை நினைத்தல் நலம். கட்டடம் கண்ணுக்குத் தெரிகிறது. ஓர் ஏழை மாணவியின் கல்லூரிக் கட்டணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் கை நீள வேண்டும்.

அறக்கட்டளைகளை நடத்துவோர்க்கும் இவ்வாழ்க்கையில் செய்தி உண்டு. தேவையைத் தெளிவாகக் கூறுதல், இன்ன பணிக்கு இவ்வளவு பொருள் வேண்டும் என்று முறையாகக் கேட்டல், பெற்ற பொருளின் முதலைக் காத்தல், ஆண்டுதோறும் கணக்கை உறுப்பினர் முன் வைத்தல் ஆகியன கொடுப்போரின் நம்பிக்கையை வளர்க்கும். கல்கத்தாப் பல்கலைக்கழகம் முதலைத் தொட்டிருந்தால் மேகநாத் சாகாவின் காலம் வரை அக்கொடை சென்றிருக்காது. கொடையாளர் ஒருமுறை கொடுக்கிறார்; அதனை நூறாண்டு வாழ வைப்பவர் பொறுப்பாளரே.

கொடுப்போர்க்கு உரியது ஒன்றே. பிள்ளைகளின் படிப்பு முடியட்டும், வீடு கட்டி முடியட்டும், ஓய்வூதியம் வரட்டும் என்று நாம் நல்ல முடிவுகளைத் தள்ளி வைக்கிறோம். வருவாய் பெருகப் பெருகத் தேவையும் பெருகுவதால் அந்த நாள் வருவதில்லை. இலட்சங்கள் வேண்டுவதில்லை, மாத வருவாயில் ஒரு சிறு பகுதியை இப்போதே ஒதுக்கி, பெற்றோரின் பெயரால் ஒரு மாணவருக்கோ ஒரு நூலகத்திற்கோ தரும் பழக்கம் போதும். அதனைப் பிள்ளைகள் அறியச் செய்தலும் வேண்டும். அவர்கள் பெரியவர்களானபின் கொடுப்பதற்கு அதுவே முதல் இழையாகும்.

பிரேம்சந்தின் வாழ்வில் செல்வம் நான்கைந்து ஆண்டுகள் தங்கிச் சென்றது. அது தங்கியிருந்த காலத்திலேயே அவர் ஒரு பகுதியை அறத்தின் கையில் ஒப்படைத்தார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக அவர் தாயின் பெயரால் நிற்கும் கோபுரத்தின் அடியில் மாணவர்கள் நூல் பயில்கின்றனர். அறம் வளர்க!